ஒண்ணுமில்ல மாஸ்டர் வருத்தப்படவில்லை

ஒண்ணுமில்ல மாஸ்டர் இறந்த பிறகுதான் அவரைப் பற்றி எல்லாருக்கும் எல்லாமும் தெரிந்துவிட்டது. உயிரோடு இருந்தபோது, மனிதர் சாப்பிட்டாரா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்ட ஆள் கிடையாது. செத்து இரண்டு மாதம் ஆவதற்குள், கையில் மைக் கிடைத்தவன் எல்லாம் அவருக்குக் கூடப் பிறந்தவன் ஆகிவிட்டான்.

பஸ் டெப்போவின் தொழிலாளர் கூடத்தில், முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள் அவர் மனைவி. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் நர்ஸ்களின் உடுப்புகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்க்கிற வேலை. அதனால் அங்கே அவளுக்குக் கஞ்சியக்கா என்று பெயர். வேலையால் வந்த பெயரா, ஆளுடைய விறைப்பால் வந்த பெயரா என்று கேட்டால், "ரெண்டும்தான், உனக்கென்ன இப்போ?" என்று அவளே சொல்வாள்.

மேடையில் டெப்போவின் பழைய மேலாளர் பேசிக்கொண்டிருந்தார். வீடு வாசலை மறந்து, பெண்டாட்டி பிள்ளைகளை மறந்து, மைதானமே கதி என்று கிடந்த தியாகி நம் மாஸ்டர் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். கூட்டம் கைதட்டியது.

கஞ்சியக்கா பக்கத்தில் இருந்த மகள் பக்கம் சாய்ந்தாள். "யாரைச் சொல்றாரு இவரு?"

"அப்பாவைத்தாம்மா."

"அப்படியா? வேற யாரு வீட்டு எழவுக்கோ வந்து உக்காந்துட்டோமோன்னு பாத்தேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டை மறந்தாராம். அவர் வீட்டை மறந்திருந்தால் அந்த வீட்டில் யார் அடுப்பு மூட்டியிருப்பார்கள்? சலவைப் பிரிவில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். பாய்லர் சூடாகும் நேரத்துக்குக் கஞ்சியக்கா அங்கே நின்றாக வேண்டும். ஆகவே காலை முழுக்க வீடு மாஸ்டர் கையில். சமைப்பார். உப்புப் போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவை போடுவார். மூத்தவனை எழுப்புவார். சின்னவளுக்குத் தலை பின்னுவார். வாலிபால் வலை கட்டுகிற அதே முடிச்சைத்தான் ரிப்பனிலும் போடுவார். ஓடினாலும் ஆடினாலும் அவிழாது, ராத்திரி அவிழ்க்க நினைத்தாலும் அவிழாது. "அம்மா, அப்பா இன்னிக்கும் என் தலையில நெட்டு கட்டிட்டாரும்மா" என்று சின்னவள் வந்து நிற்பாள். கஞ்சியக்கா பல்லால் கடித்து அந்த முடிச்சை அவிழ்த்த நாட்களுக்குக் கணக்கே இல்லை. அப்போதெல்லாம் மாஸ்டர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி பாத்திரம் விளக்கிக்கொண்டிருப்பார்.

டெப்போவில் அவருக்கு டயர் பிரிவில் வேலை. பஞ்சர் பார்ப்பது, காற்று அடிப்பது, பஸ் சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது. டெப்போவுக்குப் பின்னால், பழைய பஸ்களை நிறுத்துகிற இடத்தை ஒட்டி ஒரு வெற்றுத் தரை இருந்தது. அங்கேதான் சாயங்காலங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுத்தார். சின்னவள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளையும் தூக்கிக்கொண்டு போவார். பந்துகளைப் போட்டு வைக்கிற கூடையில் இரண்டு துண்டை விரித்து அவளை உட்கார வைத்துவிடுவார். பந்து எடுக்க வருகிற பிள்ளைகள் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். சில சமயம் பந்தையே மறந்துவிட்டு அவளோடு விளையாடிக்கொண்டிருப்பார்கள். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.

ஆனால் பயிற்சி முடிகிற நேரம் என்றால் முடிகிற நேரம்தான். எவ்வளவு பெரிய மேட்ச் அடுத்த வாரம் இருந்தாலும், மாலை ஷிப்ட் சங்கு ஊதியதும் வலையை அவிழ்த்துவிடுவார். "இன்னும் கொஞ்சம் மாஸ்டர்" என்று பிள்ளைகள் கெஞ்சினால், "எனக்கும் வீடு இருக்குடா, உனக்கும் வீடு இருக்கு" என்பார். ஒரு தடவை அணி ஜெயித்து, பரிசு கொடுக்க மேடையில் அவரைக் கூப்பிட்டபோது ஆளைக் காணோம். சின்னவளுக்குக் காய்ச்சல் என்று அவர் அதற்குள் பஸ் ஏறியிருந்தார். இந்த ஆள்தான் தியாகியாம். கஞ்சியக்காவுக்கு அந்த வார்த்தையே பிடிக்கவில்லை. அவளை மறந்த ஒருத்தனோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்த அவளுக்கென்ன தலையெழுத்தா? அவள் அவரை உயிராக நேசித்தாள், அவரும் அப்படித்தான். அதைச் சொல்வதற்கு அவளுக்கு வெட்கமும் கிடையாது.

ஒண்ணுமில்ல என்ற பெயர் பிள்ளைகள் வைத்தது. பந்து வலையில் விழுந்தால், "ஒண்ணுமில்ல, அடுத்தது" என்பார். முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தால், "ஒண்ணுமில்ல, கழுவிட்டு வா." ஒரு நாள் கைப்பம்பு கெட்டுப்போய், பஸ் டயருக்கு அடிக்கிற காற்றுக் குழாயைப் பந்தில் வைத்துவிட்டார். டெப்போவே அதிர்ந்தது. மேலாளர் அடித்துப் பிடித்து ஓடி வந்தபோது மாஸ்டர் தலையில் வெடித்த பந்தின் தோல் துணுக்குகளோடு நின்று, "ஒண்ணுமில்ல சார்" என்றாராம். அதற்கப்புறம் அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அதை ஏன் வைத்தார் என்று பலருக்குப் புரியவில்லை, புரிந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. மைதானத்துக்கு வருகிற பிள்ளைகள் செருப்பைச் சுவர் ஓரமாக வரிசையாகக் கழற்றிப் போடவேண்டும். முதலில் வந்தவன் செருப்பு முதலில், அடுத்து வந்தவன் செருப்பு அடுத்து. மேட்ச் அன்றைக்கும் அதே வரிசைதான். முதல் ஆறு செருப்புக்காரர்கள் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். மற்றவர்கள் வரிசைப்படி ஒவ்வொருவராக உள்ளே போவார்கள். நன்றாக ஆடுகிறவன், மோசமாக ஆடுகிறவன் என்ற பேச்சே இல்லை. வந்தவன் ஆடுவான், அவ்வளவுதான். இப்படிச் செய்தும் அவர் அணி பல கோப்பைகளை வாங்கியது. எந்த நேரம் யார் உள்ளே போனாலும் ஆடத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், அவரிடம் எல்லாருமே ஓரளவுக்கு ஆடக் கற்றுக்கொண்டார்கள்.

அந்த ஒரு ஃபைனலில்தான் வந்தது வினை.

அன்றைக்கு அணியின் கேப்டனாக இருந்தவன் சுத்தியல். பந்தை அவன் ஓங்கி அடிக்கிற அடிக்காக வைத்த பெயர். இப்போது டைல்ஸ் கடை முதலாளி, வாலிபால் மன்றத்தின் செயலாளர், இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்தவனும் அவனே. அப்போது மீசை அரும்பாத பையன். மாஸ்டரின் மூத்த மகனும் அந்த அணியில் இருந்தான். ஆனால் மூத்தவனுக்கு ஆட்டம் வராது. வராது என்பதைவிட, கூட்டம் பார்க்கிறது என்றால் கை நடுங்கும். அப்பா எதிரே நின்றால் இன்னும் நடுங்கும். அதனால் அவன் எப்போதும் வேண்டுமென்றே சுற்றுவழியில் நடந்து, கடைசி ஆளாக வந்து, கடைசியில் செருப்பைப் போடுவான். தன் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டால் நல்லது என்று வேண்டிக்கொள்வான்.

ஃபைனல் அன்று காலையில் அவன் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு வயிற்றுவலி என்றான். மாஸ்டர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார்.

"வர இஷ்டமில்லன்னா வரவேண்டாம். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். வீட்ல இரு, சாயங்காலம் வந்து கதை சொல்றேன்" என்றார். "ஆனா வந்தா ஆடணும்."

அவர் போய் வெகுநேரம் கழித்து மூத்தவன் வெளியே வந்தான். முகம் கழுவினான். கிளம்பிப் போனான். அவனைப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கஞ்சியக்கா அன்றைக்கு வேலையை மாற்றிக்கொண்டு, அவன் பின்னாலேயே போய், ஆட்டக்காரர்களின் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

கடைசி செட், பதிமூன்றுக்குப் பதிமூன்று. இன்னும் இரண்டு பாயிண்ட் எடுக்கிற அணிக்குக் கோப்பை. சர்வீஸ் போட வேண்டியவன் சுத்தியல். அதுவரை உள்ளே இறங்காமல் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள். மாஸ்டர் எழுந்து கையைக் காட்டி, சுத்தியலை வெளியே வரச் சொன்னார், மகனை உள்ளே போகச் சொன்னார். மைதானமே ஓவென்று கத்தியது.

மூத்தவன் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "வேணாம்ப்பா. கால்ல விழறேம்ப்பா. என்னை எறக்காதீங்க." அழுதான். அந்தச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. பின்னால் இருந்த கஞ்சியக்காவுக்குக் கேட்டது.

"வந்துட்டேல்ல?" என்றார் மாஸ்டர். அவன் கண்ணைத் தன் துண்டால் துடைத்து, உள்ளே அனுப்பினார்.

மூத்தவனின் சர்வீஸ் வலையில் விழுந்தது. அடுத்த பந்தை எதிரணி யாருமில்லாத இடத்தில் போட்டது. கதை முடிந்தது.

அப்புறம் பேசினார்கள் பாருங்கள் பேச்சு! மகன் பாசம் கண்ணை மறைத்துவிட்டது. பெற்ற பிள்ளையைக் கோப்பையோடு போட்டோ எடுக்கப் பார்த்தார். பன்னிரண்டு பேர் உழைப்பைத் தன் வீட்டுப் பிள்ளைக்காகத் தாரை வார்த்தார். டெப்போ சுவரில் எவனோ சாக்பீஸால் மகன் மாஸ்டர் என்று எழுதி வைத்தான். மாஸ்டர் அதன் கீழேயே உட்கார்ந்து டயருக்குக் காற்று அடித்தார்.

கஞ்சியக்காவால் பொறுக்க முடியவில்லை. சமையலறையில் அவரைப் பிடித்துக்கொண்டாள். "நான் போய்க் கேக்கறேன். அவன் வேணாம் வேணாம்னு அழுதான், கால்ல விழறேன்னான். இதுல எங்கேருந்து வந்துச்சு மகன் பாசம்? நாலு பேரு முன்னாடி போட்டு உடைச்சுடறேன்."

"உடைச்சா?" மாஸ்டர் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். "அப்பா மேல இருக்கிற பேச்சு புள்ள மேல போகும். பயந்தாங்கொள்ளின்னுவாங்க. பள்ளிக்கூடத்துல அவன்தான் உக்காரணும், நான் இல்ல. அவன் அழுதது அவன் விஷயம். சொல்லணும்னா அவன் சொல்லட்டும், இல்லன்னா விடு. என்னைத் திட்டறாங்களா? ஒண்ணுமில்ல."

கஞ்சியக்கா அன்றைக்கு வாயை மூடியவள்தான். மாஸ்டர் மறுநாளும் மைதானத்துக்குப் போனார். சில பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். வந்தவர்களை வைத்து ஆட்டம் நடத்தினார். நோயில் விழுகிற வரைக்கும் அதே சுவர், அதே வரிசை. மூத்தவன் மட்டும் அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கம் வரவே இல்லை. இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கிறான், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். இன்றைக்கும் கூட்டத்துக்கு வந்து, கூடத்தின் கடைசியில் கதவோரம் நின்றுகொண்டிருந்தான்.

பழைய மேலாளர் ஒருவழியாக முடித்து உட்கார்ந்தார். சுத்தியல் மைக்கைப் பிடித்தான். அவனுக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை, மேலே நீலத் துணி. போன வாரம் வீட்டுக்கு வந்து மாஸ்டரின் போட்டோவை வாங்கிப் போனபோது, "ஒரு நினைவுக் கூட்டம், மைதானத்துக்கு ஒரு பலகை, அவ்வளவுதாம்மா" என்றுதான் சொல்லியிருந்தான். அதற்குத்தான் கஞ்சியக்கா சரி என்றிருந்தாள்.

"நம்ம மாஸ்டர் தங்கமானவர்," என்று தொடங்கினான் சுத்தியல். "ஆனா மனுஷன்னு இருந்தா ஒரு பலவீனம் இருக்கும். அந்த ஃபைனல் உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பெத்த பாசம். அதை நாம மன்னிச்சுட்டோம். மாஸ்டர்தான் தன்னை மன்னிக்கல. கடைசியா ஆஸ்பத்திரில நான் பாக்கப் போனப்ப, என் கையைப் புடிச்சுக்கிட்டு கண்ணீர் விட்டாரு. 'தப்புப் பண்ணிட்டேண்டா, திறமை இருக்கிறவனைத்தான் ஆட விட்டிருக்கணும், இனிமேலாவது நீ அதைச் செய்'ன்னு சொன்னாரு. அந்தக் கடைசி ஆசையை நிறைவேத்தத்தான் இது."

துணியை இழுத்தான். மாஸ்டரின் முழுப் பெயர் பெரிய எழுத்தில். அதன் கீழே, நினைவுத் தேர்வு அணி. வருகிற பிள்ளைகளில் நன்றாக ஆடுகிற பன்னிரண்டு பேரை மட்டும் பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுப்பார்களாம். பொறுக்கியும் ஆகிவிட்டதாம். நாளையிலிருந்து மைதானம் அவர்களுக்கு மட்டும்தானாம். "மத்த பசங்க நல்லாப் படிக்கட்டும்" என்று சொல்லிச் சிரித்தான்.

கஞ்சியக்காவின் அடுத்த நாற்காலியில் டெப்போ கேன்டீன்காரம்மா இருந்தாள். அவளுடைய மகள் போன வருஷத்திலிருந்து மைதானத்துக்குப் போகிறாள். பந்து ஒரு பக்கம் வந்தால் அவள் ஒரு பக்கம் ஓடுவாள். "அப்போ எம் பொண்ணு நாளைலேருந்து வரக்கூடாதாக்கா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். "மாஸ்டரே அப்படிச் சொல்லிட்டாரா?"

அந்தக் கேள்விதான் கஞ்சியக்காவைத் தூக்கி நிறுத்தியது. பொய்யைச் சொன்னது ஒருத்தன் என்றால், நாளை முதல் வீட்டில் உட்காரப்போகிற அத்தனை பிள்ளைகளும் அதை நம்பிவிடுவார்கள். மாஸ்டரே நம்மை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் செத்தார் என்று.

"தம்பி, ஒரு நிமிஷம்" என்றாள். மைக் இல்லை. வேண்டியதும் இல்லை. சலவை இயந்திரங்களுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை அது. "எப்ப வந்தே நீ ஆஸ்பத்திரிக்கு?"

சுத்தியல் கொஞ்சம் திகைத்தான். "கடைசி வாரம்மா. நீங்க அப்ப வெளிய போயிருந்தீங்க."

"கையைப் புடிச்சாரா?"

"புடிச்சாரும்மா. இந்தக் கையை."

"எந்தக் கையால?"

"வலது கையாலதான்."

"ரெண்டு நிமிஷம் பேசினாரா?"

"அதுக்கு மேலயே பேசினாரும்மா."

கூட்டத்தில் ஆங்காங்கே தலைகள் திரும்பின. ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர்கள் அங்கே பல பேர் இருந்தார்கள்.

"வலது பக்கம் முழுசும் அவருக்கு விழுந்துபோச்சு," என்றாள் கஞ்சியக்கா. "ஆஸ்பத்திரில சேத்த அன்னிக்கே பேச்சு நின்னுபோச்சு. தண்ணி வேணும்னாக்கூடக் கண்ணாலதான் கேட்டாரு. எம் பேரைச் சொல்லமாட்டாரான்னு நான் பக்கத்துலயே கெடந்தேன். எனக்கு ஒரு வார்த்தை கெடைக்கல. உனக்கு மட்டும் மேடை போட்டுப் பேசினாரா? டேய் சுத்தியல், செத்தவன் வாயில பொய்யை வச்சு ஊட்டறியே, நீ நல்லா இருப்பியா?"

மேலாளர் தன் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுத்தியலின் முகம் கறுத்துவிட்டது. ஆனால் அவனும் சாதாரண ஆள் இல்லை, நாலு பேரைச் சமாளித்துக் கடை நடத்துகிறவன்.

"அம்மா, நீங்க உணர்ச்சிவசப்படறீங்க. சரி, நான் வந்தேனோ வரலையோ, அதை விடுங்க. அந்த ஃபைனல்ல நடந்தது பொய்யா? என்னை வெளிய இழுத்துட்டு அவரு மகனை எறக்கினது பொய்யா? பாசத்துல செய்யலன்னா வேற எதுக்குச் செஞ்சாரு? நீங்களே சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

ஒரே ஒரு வாக்கியம் போதும். அவன் அழுதான், இவர் கேட்கவில்லை. அதைச் சொன்னால் இத்தனை வருஷத்துக் களங்கமும் ஒரே நொடியில் கழுவினது போலப் போய்விடும். கஞ்சியக்காவின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கதவோரம் பார்த்தாள். மூத்தவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ரத்தம் இல்லை. அம்மா சொல்லப்போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இங்கே இருக்கிற பாதிப் பேர் அவன் கடையில் மருந்து வாங்குகிறவர்கள். அவர் கட்டிக் காத்ததைத் தான் உடைப்பதா? அவள் மூச்சை இழுத்து விட்டாள்.

"ஆமா, எறக்கினாரு" என்றாள். "மகனைத்தான் எறக்கினாரு. என்ன இப்போ? அவன் வந்திருந்தான், அவன் முறை வந்துச்சு, எறக்கினாரு. மறுபடி அதே மேட்ச் வந்தாலும் எறக்குவாரு. உம் மகன் கடைசில நின்னிருந்தா அவனையும் எறக்கியிருப்பாரு. பாசம்னு சொல்றியா? சொல்லிக்கோ. அந்தப் பாசம் அவருக்கு வந்த புள்ளைங்க எல்லார் மேலயும் இருந்துச்சு. உம் மேலயும் இருந்துச்சுடா! நீ முதல்ல வந்தப்போ எப்படி ஆடுவே, ஞாபகம் இருக்கா? முன்னாடி அடிக்கிற பந்து பின்னாடி பஸ் மேல போய் விழும். ரெண்டு கண்ணாடி உடைச்சே. அன்னிக்குப் பொறுக்கி எடுத்திருந்தா முதல்ல வீட்டுக்குப் போயிருக்கவேண்டியவன் நீதான். இன்னிக்கு நீ பொறுக்கறியா? பொறுக்கிக்கோ. உம் பேரைப் போட்டுப் பொறுக்கிக்கோ. எம் புருஷன் பேரை எறக்கு கீழ."

யாரோ பின்னால் கைதட்டினார்கள். கேன்டீன்காரம்மா விசில் அடித்தேவிட்டாள்.

கதவோரத்திலிருந்து மூத்தவன் நடந்து வந்தான். கஞ்சியக்கா அவனைத் தடுக்கக் கையை நீட்டினாள். அவன் அந்தக் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு மேடை ஏறினான். மைக்கைப் பிடித்த கை நடுங்கியது, அது எல்லாருக்கும் தெரிந்தது.

"எங்கம்மா எனக்காகச் சொல்லாம விட்டுட்டாங்க. நான் சொல்லிடறேன். அன்னிக்கு நான் அப்பா சட்டையைப் புடிச்சுக்கிட்டு அழுதேன். என்னை எறக்காதீங்கன்னு கெஞ்சினேன். அவரு எறக்கினாரு. நான் பந்தை வலையில அடிச்சேன். ஊரே அவரைத் திட்டுச்சு. நான் அழுத விஷயத்தை அவரு வெளிய சொல்லல, நானும் சொல்லல. எனக்குப் பயம்." நிறுத்தினான். "இப்பவும் பயமாத்தான் இருக்கு. அந்த ஆட்டத்துல நான் ஒண்ணும் பெரிய வீரனா மாறிடல. ரொம்ப வருஷம் அவர் மேல கோவமா இருந்தேன். எனக்குக் கல்யாணமான அப்புறம் ஒரு நாள் கேட்டேன், அன்னிக்கு என்னை எறக்கினதுக்கு வருத்தமே இல்லயாப்பா உங்களுக்குன்னு. அதுக்கு அவரு சொன்னாரு: 'உன்னை வெளிய உக்கார வச்சிருந்தா அதுக்குத்தாண்டா நான் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். நீ என் புள்ளன்னு உனக்கு மட்டும் பயப்பட அனுமதி குடுத்தா, மத்த புள்ளைங்களுக்கு நான் யாரு?' இதுதான் அவரு சொன்னது. வாய் நல்லா இருக்கும்போது சொன்னது."

கஞ்சியக்காவுக்கு இது புதுசு. அப்பனும் மகனும் இப்படி ஒரு பேச்சுப் பேசினார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது. அத்தனை பேர் முன்னால் நின்றுகொண்டு, கண்ணைத் துடைக்காமல் அழுதாள்.

சுத்தியல் கீழே கிடந்த நீலத் துணியை எடுத்துச் சுருட்டினான். பிறகு, மூத்தவனைப் பார்க்காமல், "சரி, பேரை எடுத்துடறோம்" என்றான். "ஆனா தேர்வு அணி இருக்கும். அது மன்றத்துக் கமிட்டி முடிவு, என் கையில இல்ல. மைதானம் நாளைலேருந்து பன்னெண்டு பேருக்குத்தான்."

பலகையை இறக்க ஸ்டூல் ஒன்று வந்தது. டெப்போ எலக்ட்ரீஷியன், மாஸ்டரிடம் ஆடிய பழைய பையன், ஏறித் திருகாணிகளைக் கழற்றினான். பலகை கீழே வந்தது. கஞ்சியக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்த மைதானத்துப் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்குச் சாயங்காலம் எல்லாரும் வாங்க. நான் வேலை முடிஞ்சு நேரா மைதானத்துக்கு வர்றேன்."

சுத்தியலுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். "உங்களுக்கு ஆட்டமே தெரியாதேம்மா. நீங்க வந்து என்ன பண்ணுவீங்க?"

"ஆட்டம் தெரியாது. நிக்கத் தெரியும்."

மறுநாள் சாயங்காலம் சொன்னபடி வந்து நின்றாள். வேலை உடுப்போடு, சோப்பு வாசனையோடு, வலை கட்டுகிற இரண்டு கம்பங்களுக்கும் நட்டநடுவில். அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் குவிந்திருந்தார்கள், கேன்டீன்காரம்மாவின் மகள் உட்பட. மூத்தவனும் மருந்துக்கடையில் சொல்லிவிட்டு வந்திருந்தான். சுத்தியல் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேரையும் புது வலையையும் கொண்டுவந்தான்.

"அம்மா, கொஞ்சம் தள்ளிக்கோங்க. வலை கட்டணும்."

"தாராளமாக் கட்டு. கட்டிட்டு எல்லாரையும் உள்ள விடு."

"அது முடியாதும்மா."

"அப்ப இதுவும் முடியாது."

சுத்தியல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். கம்பத்தைப் பார்த்தான். அவன் கொண்டுவந்த பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் மெல்ல நகர்ந்து மற்றப் பிள்ளைகளோடு பேசப் போய்விட்டார்கள். அவன் பல்லைக் கடித்தான்.

"இப்படிப் பண்ணா நான் கமிட்டியைக் கூட்டிட்டு வரவேண்டியிருக்கும்மா."

"கூட்டிட்டு வா. அவங்களும் நாலு பந்து அடிக்கட்டும், உடம்புக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு, கம்பத்தில்கூடச் சாயாமல், கஞ்சியக்கா அங்கேயே நின்றாள்.